இரண்டு நாள் பழம்

மூன்றாவது படியில் கால் வைத்தபோதே அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. இது என் தம்பி சுருளிவேலின் சட்டை வாசனை, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாண மண்டப வாசலில் முகர்ந்தது, அதற்குப் பிறகு எங்கேயும் முகராதது. அது எப்படி இங்கே வந்தது, எங்கள் ஊர் கம்பத்திலிருந்து எத்தனையோ கடல் தாண்டி, பிரான்ஸில், யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வைன் தொட்டி அறைக்குள், என்று கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த என் மகள் யாழினி, "என்னம்மா, முட்டி வலியா?" என்றாள். ஆமாம் என்றேன். அறுபது வயசுக்கு மேல் எதை மறைக்கவும் முட்டியைச் சொல்லிவிடலாம், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். முன்னால் மாப்பிள்ளை குணசீலன் அந்த அம்மாளோடு பிரெஞ்சில் பேசிக்கொண்டே இறங்கிப் போனார், அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கலியபெருமாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேங்க் மேனேஜராக இருந்த காலத்தில் கிளையைச் சுற்றி வருவாரே அதே நடை. அவர் நிற்கவில்லை. அந்த மூக்கு நிற்கவில்லையே என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான், இவ்வளவு பெரிய வாசனைக்கு ஒரு முகச்சுளிப்புகூட இல்லாமல் தன் வீட்டு அடுப்படிக்குள் போவது மாதிரி போகிறார்.

காலையிலிருந்து நன்றாகத்தான் இருந்தேன். பர்கண்டி என்று நாம் சொல்வதை மாப்பிள்ளை பூர்கோஞ் என்கிறார், தொண்டைக்குள்ளேயே பாதி நின்றுவிடுகிறது. வழியெல்லாம் இடுப்பளவு உயரத்தில் திராட்சைச் செடி, எங்கள் ஊரில் திராட்சை என்றால் பந்தல் போட்டு அண்ணாந்து பறிப்பது, இங்கே குனிந்து பறிக்கிறார்கள், எங்கே போனாலும் யாருக்காவது இடுப்பு வலி இருக்கத்தான் செய்யும் என்று நான் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். கல் அடுக்கிக் கட்டிய தாழ்வான மதில்களைக் காட்டி, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்த துறவிகள் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எந்தத் துண்டுக்கு எந்த மதில் என்று பிரித்தார்களாம் என்றார் மாப்பிள்ளை. மண்ணைத் தின்றால் எங்கள் அம்மா முதுகில் நாலு போடுவாள் என்றேன், அதற்கும் சிரித்தார்கள். அப்படி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவள்தான் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆள் உயர மரத்தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் பலகை போட்டு ஏறி நின்று ஒருவர் நீளக் கழியால் மேலே மிதந்த தோலை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தார், அமுக்க அமுக்கக் கொழகொழவென்று சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசனை ஒரு சுற்றுக் கூடியது. ஆப்ப மாவு புளித்த வாசனை அதில் இருக்கிறது, பன்னீர் இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, அடியில் மூக்கைக் குத்துகிற ஒன்றும் இருக்கிறது. கள்ளில்லை, பட்டைச் சாராயம் இல்லவே இல்லை. பழம். நசுங்கிப் புளித்த பழம். அவ்வளவுதான். அவ்வளவுதானா சுருளி, அன்றைக்கு உன் மேல் இருந்தது?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வைகாசி, பாண்டிச்சேரியில் மண்டபம், ஒன்பதரைக்கு முகூர்த்தம். தாய்மாமன் பட்டம் கட்டி மாலை போட்டுத்தான் பெண்ணை மேடைக்கு அழைத்து வர வேண்டும், சுருளி அதற்காக எட்டு மாசம் குடியை நிறுத்தியிருந்தான். குடிக்கிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை, அவன் குடித்த குடிக்கு எங்கள் அப்பா பாதி உயிரை விட்டார். ஆனால் யாழினிக்கு நிச்சயம் ஆன அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "பட்டம் கட்டுற கை நடுங்கக் கூடாதுக்கா, இன்னையோட விட்டுட்டேன்" என்றான், விட்டும் விட்டான். சீர் பழத்தைக் கடையில் வாங்க மாட்டேன், என் பந்தல் திராட்சைதான் தட்டில் இருக்கணும் என்று ஒரே பிடிவாதம். அதையும் நல்ல நேரம் பார்த்து வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் பறித்து, மஞ்சள் தெளித்து, வாடாமல் இருக்கட்டும் என்று ஈரச் சாக்கைச் சுற்றி இறுகக் கட்டி, இரண்டு கூடை, பஸ் மாறிப் பஸ் மாறி, மேலே போட்டால் நசுங்கும் என்று மடியிலும் தோளிலுமாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பறித்ததை ஞாயிற்றுக்கிழமைக்கு, அந்த வெயிலில், அதுவும் சாக்கைச் சுற்றி! பழம் விளைவிக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும், ஆனால் சீர் ஆயிற்றே, சீருக்கு நாள் பார்க்காமல் எப்படிப் பறிப்பான், நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நான் மணப்பெண் அறையில் யாழினிக்கு ஜடை தைத்துக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே வந்து என் காதோரமாகக் குனிந்து, "உன் தம்பி குடிச்சிட்டு வந்திருக்கான், வாசல்ல தாண்டும்போதே குப்புனு அடிக்குது, சம்பந்தி வீட்டாரெல்லாம் பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்காங்க, மேடை ஏறினா மானம் போயிடும், நீயே போய்ச் சொல்லிடு" என்றார். நீயே போய்ச் சொல்லிடு. ஊசி என் கையில்தான் இருந்தது, ஊசியோடு போனேன். புதுச் சட்டை, தோளிலிருந்து இடுப்புவரை கருஞ்சிவப்பு, ஈக்கள். "போயிடு சுருளி, இந்த நாத்தத்தோட எம் பொண்ணு நெத்தியத் தொடாத" என்றேன். அவன் திகைத்துப்போய், "அக்கா, நான் குடிக்கலக்கா, கூடை கசிஞ்சிருச்சுக்கா, வெள்ளிக்கிழமை பறிச்சதுக்கா" என்றான். நான் திரும்பினேன். "ஊதிக் காட்டவாக்கா, வந்து மோந்து பாரு" என்று இரண்டடி முன்னால் வந்தான். நான் மூன்றடி பின்னால் போனேன். பட்டத்தை என் பெரியப்பா மகன் கட்டினான். கூடை இரண்டையும் மண்டபத்துக்காரர்கள் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள்.

சரி, தப்பு நடந்துவிட்டது, இவருக்கும் தெரிந்திருக்காது, குப்பென்று அடித்தால் குடி என்றுதான் யாருக்கும் தோன்றும், அவனும் பழைய குடிகாரன். இப்படித்தான் அந்தப் படியில் நின்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன், பாவம் அவரும் தெரியாமல்தானே சொன்னார், இப்போது அவரைக் கையைப் பிடித்து இழுத்து, என்னங்க இந்த வாசனையைப் பாருங்க, நாம எவ்வளவு பெரிய பாவம் பண்ணிட்டோம் என்று சொல்ல வேண்டும், இரண்டு பேருமாக அவனுக்குப் போன் செய்ய வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அந்த மூக்குக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அரிசி பழசு என்பார், பழசாகத்தான் இருக்கும். மீனை வாசலில் வைத்தே திருப்பி அனுப்புவார். ஒரு தடவை கேஸ் கசிகிறது என்று எல்லோரையும் வெளியே தள்ளினார், உண்மையிலேயே கசிந்தது, அன்றைக்கு அந்த மூக்கால்தான் நாங்கள் பிழைத்தோம், அதற்குப் பிறகு என் மூக்கை நான் கழற்றி வைத்துவிட்டேன் என்றே சொல்லலாம், சாம்பார் ஊசிப்போனதா என்றுகூட அவரிடம்தான் நீட்டுவேன். சின்ன வயசில் பிரான்ஸில் சித்தப்பா வீட்டில் தங்கி இரண்டு வருஷம் படித்தேன் என்று பெண் பார்க்க வந்தபோது சொன்னார், என்ன படித்தார் என்று யாரும் கேட்கவில்லை, சீமையில் படித்தவர் என்பதே எங்கள் கம்பத்துக்குப் போதுமாயிருந்தது. நான் கீழே இறங்கினேன். "என்னங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த அம்மாள், மதாம் ஒதீல் என்று பெயர், எழுபது இருக்கும், ரப்பர் பூட்ஸ், தொட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, புளிக்கும்போது வருகிற காற்று ஆளை அடித்துப் போட்டுவிடும் என்று சொல்ல மாப்பிள்ளை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அதற்கு முன்னாலேயே தொட்டி விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கையைக் குவித்து, கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வது மாதிரி அந்தக் காற்றைத் தன் பக்கமாக இரண்டு தடவை தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பிறகு பிரெஞ்சில் ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மதாம் கைதட்டினாள். "பழம் போட்டு நாலு நாள்னு சொல்றாரு அத்தை! கரெக்டாம்! மாமா, எப்படி மாமா?" என்று மாப்பிள்ளை குதிக்கிறார். இவர் சிரிக்கிறார், கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்தே இராத சிரிப்பு, இருபது வயசுச் சிரிப்பு. "படிச்சதெல்லாம் எங்க மாப்ள, சித்தப்பா ஒரு மாசத்துல கைய விரிச்சிட்டாரு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம், ரெண்டு சீசன் அறுவடை, அப்புறம் தொட்டி ரூம்லயே வெச்சுக்கிட்டாங்க, என் மூக்குக்காகவே. நம்ம பக்கம் போய் இத சொன்னா சாராயக் கடையில வேலை பாத்தவன்னு பொண்ணு குடுக்க மாட்டான்." யாழினி, "அப்பா! எங்க யாருக்கும் சொல்லவே இல்லையே!" என்று அவர் தோளில் அடிக்கிறாள், எல்லோருக்கும் ஒரே குஷி. அந்தக் குஷியிலேயே அவர் சொன்னார், கேட்காமலேயே சொன்னார், "பழம் புளிக்கிற வாசனை வேற, ஆளு குடிச்ச வாசனை வேற மாப்ள, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நூறு அடி தள்ளி நிக்கவெச்சாலும் பிரிச்சுச் சொல்லிடுவேன்." என் வாய் திறந்தபடியே இருந்தது. என்னங்க என்று கூப்பிட வந்த வாய்.

மேலே கூடத்தில் சாப்பாடு. யாரோ என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள், யாரோ துண்டை மடியில் விரித்தார்கள். நூறு அடி தள்ளி. மண்டப வாசல் நூறு அடிகூட இல்லை, அவன் பக்கத்திலேயே போய்த்தானே வந்தார், வாசல்ல தாண்டும்போதே என்றாரே. சீஸ் போட்ட போண்டா மாதிரி ஒன்று வந்தது, உள்ளே காற்றுதான். வாயில் போட்டேன், மென்றேன், விழுங்கியும் இருப்பேன். நத்தை வந்தது, ஓட்டோடு, பூண்டும் வெண்ணெயும் மேலே. எங்கள் வயல் ஓரத்தில் சுருளி நத்தை பொறுக்கி வருவான், சின்னப் பையனாக இருந்தபோது, நத்தை தின்றால் மூலத்துக்கு நல்லது என்று பெரிய வைத்தியர் மாதிரி சொல்வான். அவன் ஊதிக் காட்டவா என்றான். ஏன் நான் பின்னால் போனேன்? இவர் சொன்னார் என்று போனேன், அது பாதிதான், என் மூக்குக்கும் அன்றைக்கு ஏதோ வித்தியாசம் தெரிந்தது, இது அவன் பழைய வாசனை இல்லையே என்று ஒரு கணம் நின்றேன், சத்தியமாக நின்றேன், பிறகு இவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். கையில் ஊசி வேறு இருந்தது. ஒரு மாசம் கழித்து அவன் பெண்டாட்டி பவுன்தாய் போன் செய்து, "மதினி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு" என்று அழுதாள். இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலேயே, "பாத்தியா, நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் தலையாட்டினேனே! தெரிந்துகொண்டே ஒருவரால் அப்படிச் சொல்ல முடியுமா, முடியாது, அவருக்கு அன்றைக்கு ஜலதோஷமாக இருந்திருக்கும். சந்தன வாசனை, மல்லிகை வாசனை, நெய் வாசனை, மண்டபத்தில் ஆயிரம் வாசனை, மூக்கு குழம்பியிருக்கும், நாற்பது வருஷத்துக்கு முன்னால் பழகியது மறந்திருக்கும். ஆனால் இப்போது மறக்கவில்லையே, நாலு நாள் என்றாரே. வைனில் வேகவைத்த முட்டை வந்தது, நாவல்பழக் கறை மாதிரி ஊதாவாக. வைன் கலந்தது என்றால் வாசலிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர், ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டார். முப்பத்தெட்டு வருஷமாக யார் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது? என்னென்ன சொன்னார், நான் எதையெதையெல்லாம் நம்பினேன்? வேலைக்கு வந்த முனியம்மா எண்ணெய் எடுக்கிறாள், அவள் முந்தானையில் வாசனை அடிக்கிறது என்றார், அன்றைக்கே நிறுத்தினேன். அவள் எடுத்தாளா? கேஸ் கசிந்தது. அது உண்மை. அது ஒன்று உண்மை. பயமாக இருந்தது, கைப்பையைத் தேடி மடியில் வைத்துக்கொண்டேன், ஏதோ பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி.

மதாமுக்கு இவரை விட மனசில்லை. சின்னச் சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு வாய் பிடித்து வரச் சொல்லி, இவருக்கு எதிரே வரிசையாக வைத்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றை எடுத்து நீட்டினாள். முகர்ந்தார். "ஆறு" என்றார். மதாம் "வ்வலா!" என்றாள், சரியாம். அடுத்தது. "மூணு." சரியாம். யாழினி போனில் படம் எடுக்கிறாள். அடுத்தது. "ஆறுதான், ஆனா வேற மண்ணு." மேஜையே சிரிக்கிறது, அவர் கண்ணைத் திறக்கவே இல்லை, தாளத்துக்கு ஆடுகிறவர் மாதிரி தலை லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது, அடுத்த தம்ளருக்காக மூக்கு காத்திருக்கிறது. நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று பிறகு இவர் சொல்லுவார், இல்லை. என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரல். "என்னங்க, நம்ம யாழினி கல்யாணத்தன்னிக்கு சுருளி சட்டையில இருந்தது எத்தனை நாள் பழம்?" "அதுவா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல், மூக்கை லேசாக மேலே தூக்கி, "ரெண்டு நாள். வெயில்ல வேகமாப் புளிச்சிருந்திச்சு, ஆனா ரெண்டு நாள்தான்." வெள்ளிக்கிழமை பறித்ததை அவன் என்னிடம்தான் சொன்னான், வாசலில், இவர் அப்போது அங்கே இல்லை. பிறகு அவர் கண்ணைத் திறந்தார். மதாம் அடுத்த தம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தாள், பாவம், அவளுக்குத் தமிழ் தெரியாது. யாழினி போனைக் கீழே இறக்கினாள். "அப்பா? மாமா குடிச்சிட்டு வந்தாருன்னுதானே..." என்று அவள் ஆரம்பிக்க, இவர் என்னைப் பார்த்து, "இந்திராணி, அவன் சட்டையப் பாத்தல்ல, ஈ மொய்ச்சுக்கிட்டு, வீடியோ எடுக்கறான், பிரான்ஸ்லேர்ந்து சம்பந்தி வீட்டாரு..." என்றார். "மாத்துச் சட்டை குடுத்திருப்பேனேங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக் கோபம் எங்கேயோ கிடக்கிறது, வரும், ஊருக்குப் போன பிறகு வரும், இப்போது வந்தது அந்தச் சட்டைதான், அன்றைக்கு அவருடைய பெட்டியிலேயே மூன்று புதுச் சட்டை இருந்தது, நான்தான் இஸ்திரி போட்டு வைத்தேன்.

எழுந்து வெளியே வந்தேன். இந்தத் தடவை முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வாசலில் நல்ல வெயில், எதிரே சரிவில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் முதுகில் கூடை, தோளில் சாறு ஒழுகிய கறை, யாரும் அவரை எங்கேயும் போகச் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். சுருளி என்ற பெயர் அப்படியே இருந்தது, ஒன்பது வருஷத்தில் மூன்று போன் மாற்றியும் ஒவ்வொன்றிலும் அதை ஏற்றி வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அழுத்தவில்லை. இங்கே ஒன்று என்றால் அங்கே நாலரை, பந்தலில் இருப்பான். அல்லது கடையில் இருப்பான். எடுக்காமல் போகலாம், எடுத்துக் குழறினால் என்ன செய்வது, குழறினால் அதுவும் நான் ஊற்றிக் கொடுத்ததுதான். யாழினி பின்னால் வந்து நின்று, "யாருக்கும்மா?" என்றாள். "உன் தாய்மாமனுக்கு" என்றேன், அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை சில்லென்று இருந்தது. மணி போனது. நாலாவது மணியில் எடுத்தான். "யாரு?" குரல் கிழடு தட்டியிருந்தது. பின்னால் பெட்டி இறக்குகிற சத்தம். இது இங்கே வாங்கின நம்பர், அவனுக்குத் தெரியாது. "அக்காடா" என்றேன். பெட்டிச் சத்தம் நின்றது. அவன் மூச்சு மட்டும் கேட்டது, அதைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எப்படி இருக்கே என்று கேட்பான், இல்லை திட்டுவான், இல்லை வைத்துவிடுவான் என்று என்னென்னவோ நினைத்தேன். "அக்கா, நான் குடிக்கலக்கா" என்றான். இன்றைக்கா, அன்றைக்கா என்று நான் கேட்கவில்லை. "தெரியும்டா" என்றேன்.